நிற்க மறுத்த கணினி

ஆண்டு மலருக்குக் கணினியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் தமிழ் ஆசிரியை ஒரு நிபந்தனை போட்டார். "கட்டளைகளை அடுக்கி வைக்காதே. பிள்ளைகளின் உம்மாமாரும் வாசித்து விளங்க வேண்டும்" என்றார். நான் எழுத நினைத்திருந்ததோ கணினியை நிறுத்துவது பற்றி மட்டும். இயக்குவது பற்றிக்கூட இல்லை. ஆசிரியை சிரித்துவிட்டு, "சரி, எழுது பார்ப்போம்" என்றார்.

ஹட்டன் நகரில் வாப்பாவுக்கு ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, ஸ்கேன், போன் ரீலோட், கடிதம் டைப் பண்ணுவது எல்லாம் நடக்கும். இதில் வாப்பா பெரிதாக மதிப்பது கடிதங்களைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க டவுனுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பொலித்தீன் பையோடு எங்கள் கடைக்கும் வருவார்கள். பைக்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தோட்டத்துத் துண்டுகள் இருக்கும். ஒரே ஆளின் பெயர் மூன்று கடதாசியில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் 'இராமாயி', இன்னொன்றில் 'ரமாயி', சிங்களத்தில் எழுதியதைத் திரும்பத் தமிழில் எழுதும்போது 'ராமயீ'. நாற்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கப் போகும்போதுதான் இந்த எழுத்துகள் வழி மறிக்கின்றன. வாப்பா கதையைக் கேட்டு, கடிதமோ சத்தியக் கடதாசியோ தயாரித்துக் கொடுப்பார். "இது இன்னும் மூன்று தடவை திரும்பி வரும்" என்று சொல்லி ஒவ்வொன்றையும் கணினியில் சேமித்தும் வைப்பார். அவர் சொன்னபடியே அவர்கள் திரும்பி வருவார்கள்.

அந்தக் கடிதங்கள் இருந்த கணினி பழையது. விலை கொடுத்து வாங்கும் இயங்குதளத்தின் புதிய பதிப்பு அதில் ஏறவில்லை. ஆகவே 2021இல் பழுது பார்க்கிறவர் ஒருவரைக் கொண்டு லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவைப் போட்டோம். லினக்ஸ் 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கியது. அது யுனிக்ஸின் வழியைப் பின்பற்றுவது. யுனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. காசு கொடுக்கத் தேவையில்லை, பழைய இயந்திரத்திலும் ஓடும். வாப்பாவுக்கு அது போதும்.

சுவிட்சை அணைத்தால் மின்குமிழ் நிற்கிறது, கணினிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சடங்கு என்று உம்மா கேட்பார். நல்ல கேள்வி. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கொழுந்து நிறுக்கும்போது அவர் மலையில் நின்று யார் எத்தனை கிலோ என்று கைப்புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். பின்னேரம் ஒப்பீசுக்குப் போய்ப் பெரிய செக்ரோல் புத்தகத்தில் பதிகிறார். ஒவ்வொரு நிறுவைக்கும் ஒப்பீசுக்கு ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. கணினியும் அப்படித்தான். நாம் 'சேவ்' கொடுத்ததும் எழுத்து உடனே வன்தட்டில் போய் உட்கார்வதில்லை. முதலில் நினைவகத்தில் குறித்து வைக்கப்பட்டு, சில விநாடிகள் கழித்து மொத்தமாக எழுதப்படுகிறது. லினக்ஸில் அந்தத் தாமதம் 30 விநாடி வரையும் போகலாம். கணக்கப்பிள்ளை ஒப்பீசுக்குப் போகுமுன் கைப்புத்தகம் ஆற்றில் விழுந்தால் என்ன நடக்குமோ, திடீரென்று மின்சாரம் போனால் அதுதான் நடக்கும்.

முறையாக நிறுத்தும்போது இயங்குதளம் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களுக்கும் "முடித்துக்கொள்" என்று அறிவிக்கிறது. அந்தச் சைகைக்கு இலக்கம் 15. கேளாதவற்றுக்குப் பிறகு 9ஆம் இலக்கச் சைகை போகும். அது கேட்பதில்லை, கொன்றுவிடும். அதன்பின் மீதிக் குறிப்புகள் தட்டில் எழுதப்படுகின்றன, தட்டுகள் கழற்றப்படுகின்றன, கடைசியாக மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. பழைய யுனிக்ஸ்காரர்கள் இயந்திரத்தை நிறுத்துமுன் 'சிங்க்' என்ற கட்டளையை மூன்று தடவை அடிப்பார்களாம். குறிப்புகளைத் தட்டில் எழுதச் சொல்லும் கட்டளை அது. மூன்றாவதை அடித்து முடிப்பதற்குள் முதலாவது வேலையை முடித்திருக்கும் என்பது கணக்கு. எங்கள் உம்மம்மா கடைக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் மின்சாரத்தைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இலங்கைக்கு நீர்மின்சாரம் தந்த மலை இதுதான். டீ.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே லக்ஸபான பக்கத்து நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை வாசித்தார். லக்ஸபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். இன்று காசல்ரீ நீர் விமலசுரேந்திர நிலையத்தையும், மவுஸ்ஸாக்கலை நீர் கெனியன் நிலையத்தையும் சுழற்றுகிறது. பழைய மஸ்கெலியா டவுன் அந்த மவுஸ்ஸாக்கலை நீருக்கு அடியில்தான் கிடக்கிறது. இத்தனை இருந்தும் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் எங்கள் வீதி இருட்டாகிவிடும். விளக்கின் கீழ்தானே இருட்டு. 2022ஐப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. எரிபொருளும் இல்லை, நீர்த்தேக்கங்களில் நீரும் குறைவு. அந்த நாட்களில்தான் வாப்பா பாவித்த யூபிஎஸ் ஒன்றை வாங்கினார். கரண்ட் போனபின் அது பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கியது.

இனிக் கோளாறுக்கு வருகிறேன். முதலாவது கோளாறை யாரும் கோளாறு என்றே நினைக்கவில்லை. திரையில் 'நிறுத்து' என்ற படத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும். ஆனால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு வாப்பாவோ தம்பியோ சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பார்கள். "பழைய மெஷின், அப்படித்தான்" என்று எல்லோரும் பழகிவிட்டோம். மின்வெட்டிலும் அதேதான். படத்தை அழுத்திவிட்டு வெளியே வந்து கடையைச் சாத்திவிடுவோம். உள்ளே அந்த விசிறி யூபிஎஸ்ஸின் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு ஓயும்.

2024 மே மாதம் சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் கடையில் அதிக நேரம் இருந்தேன். அப்போது யூபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ஜூன் மாதக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு நாள் காலை கணினி எழும்பவே இல்லை. கறுப்புத் திரையில் வன்தட்டில் முரண்பாடு இருக்கிறது, கையால் சரிபார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே மினுங்கும் ஒரு கோடு.

பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டோம். வந்தவர் பெட்டியைத் திறந்து ஊதிவிட்டு, "போர்ட் போயிட்டு. நிப்பாட்டினாலும் நிக்காது, போட்டாலும் வராது. புதுசு எடுங்க நானா" என்றார். 65,000 ரூபாய் ஆகுமாம். நான் ஏதோ கேட்டபோது பதிலைத் தம்பியைப் பார்த்துச் சொன்னார். தம்பிக்குப் பத்து வயது. அன்றிரவு வாப்பா உம்மாவிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. உயர்தரத்துக்கு என்னைக் கண்டிக்கு வகுப்புக்கு அனுப்ப ஒதுக்கி வைத்த காசு அந்தக் கணக்கில் வந்தது. வாப்பா அதை எடுக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் "வாப்பா, ரெண்டு நாள் தாங்க" என்று கேட்டேன். "ரெண்டு நாள்தானே, பாரு மகள்" என்றார்.

திரை கேட்ட சரிபார்ப்பைத்தான் முதலில் செய்தேன். 'எஃப்எஸ்சிகே' என்ற கட்டளை. கோப்பு முறையைச் சோதிப்பது என்பதன் சுருக்கம். அது ஒவ்வொன்றாகக் கேட்க, ஒவ்வொன்றாகச் சம்மதித்தேன். கால் மணித்தியாலத்தில் கணினி எழும்பியது. போர்ட் போகவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் வாப்பாவின் கடிதக் கோப்புறையில் அண்மைய கடிதங்கள் சில இல்லை.

'லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று ஒரு கோப்புறை லினக்ஸ் தட்டுகளில் உண்டு. பெயரும் முகவரியும் இழந்த கோப்புகளைச் சரிபார்ப்பு முடிந்ததும் அதற்குள் போட்டுவிடும். பார்த்தேன், 17 கோப்புகள். எல்லாவற்றுக்கும் வெறும் இலக்கங்கள்தான் பெயர். 'ஃபைல்' என்ற கட்டளை ஒரு கோப்பு என்ன வகை என்று அதன் உள்ளடக்கத்தைப் பார்த்துச் சொல்லும். பதினொன்று கடிதங்கள். திறந்து வாசித்துத் திரும்பப் பெயர் வைத்தேன். பெயர் மாறிப்போனவர்களின் கடிதங்களே பெயர் இழந்து கிடந்தன. வாப்பா ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்து, "இது டிக்கோயாப் பக்கம் அந்த அம்மாட" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கடிதம் மட்டும் கிடைக்கவில்லை. அதை அவர் நினைவிலிருந்து மறுபடி டைப் பண்ணினார்.

இவ்வளவும் செய்தது நோய்க்கு மருந்து அல்ல, காயத்துக்குக் கட்டு. ஏன் இப்படி ஆனது என்று பார்க்க வேண்டும். படத்தை வலது பக்கம் அழுத்தி அதன் பின்னால் இருந்த கட்டளையைப் பார்த்தேன். 'ஹோல்ட்' என்று இருந்தது. லினக்ஸில் ஹோல்ட் என்றால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அப்படியே நில் என்று பொருள். மின்சாரத்தைத் துண்டி என்று பொருள் இல்லை. அதற்கு 'பவர்ஆஃப்' என்று வேறு கட்டளை. முன்னைய கணினிகளில் மின் சுவிட்ச் நேரடியாகக் கம்பியைத் துண்டிப்பது. இயங்குதளம் "நான் முடித்துவிட்டேன்" என்று அறிவித்ததும் மனிதர் கையால் அணைப்பார். 1995 அளவில் ஏடிஎக்ஸ் வகை மின்வழங்கி வந்தபின், கணினி தானே மின்வழங்கிக்கு அணைந்துவிடு என்று சொல்ல முடிந்தது. 1996இல் வெளியான ஏசிபிஐ என்ற ஒழுங்குமுறை அதை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக்கியது. பழைய கட்டளை பழைய பொருளோடு இன்றும் இருக்கிறது. அதைப் படத்துக்குப் பின்னால் வைத்தவர் யாரோ, அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. சொல்லை மாற்றினேன். விசிறி நின்றது. மூன்று வருடமாக ஓடிய விசிறி. அந்த அமைதியைக் கேட்டு வாப்பா, "என்ன, கரண்ட் போயிட்டா?" என்றார்.

யூபிஎஸ் ஏன் பலவீனமானது என்பதும் இதிலேயே விளங்கியது. அதற்குள் இருப்பது ஈய அமில பற்றரி. அதை முற்றாக வடியவிட்டால் அது சீக்கிரம் கெட்டுப்போகும். ஒவ்வொரு மின்வெட்டிலும் அந்த விசிறி அதை அடிமட்டம் வரை வடித்திருக்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சியது. 'ஹோல்ட்' எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி முடித்தபின்தானே நிற்கும்? பிறகு பற்றரி முடிந்தால் என்ன, முடியாவிட்டால் என்ன? தட்டு ஏன் கெட்டது? ஆக, முடிப்பதற்கு முன்னமே ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. 'ஜேர்னல்சிடிஎல்' என்ற கட்டளை கணினியின் நாட்குறிப்பைக் காட்டும். முந்தைய தடவை இயங்கியபோது எழுதப்பட்டதையும் காட்டச் சொல்லலாம். மின்வெட்டு நாட்களின் குறிப்புகளைப் பார்த்தால் எல்லாம் பாதியில் அறுந்திருந்தன. அது நியாயம்தான், அந்த நாட்குறிப்பும் முதலில் நினைவகத்தில்தான் இருக்கிறது. வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தட்டுக்குப் போகும். நோயாளி மயங்கும்போது வாயும் மூடிவிடுகிறது.

கரண்ட் உள்ள நேரத்தில் நிறுத்திப் பார்த்தேன். எட்டு விநாடியில் நின்றது. மறுபடி நிறுத்தினேன், அதேதான். பத்துத் தடவை நிறுத்தினாலும் ஒழுங்காக நிற்கிற கணினி கரண்ட் போனால் மட்டும் நிற்காதாம். யூபிஎஸ்ஸில் இருக்கும் கணினிக்குக் கரண்ட் போனதே தெரியாதே! எங்கள் யூபிஎஸ் கணினியோடு பேசும் வகை அல்ல, கீச்சிடும் வகை.

அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைச் சுற்றிப் பார்த்தேன். கரண்ட் போனால் இந்தக் கணினிக்கு ஒன்றும் மாறாது. ஆனால் அதைச் சுற்றி எல்லாம் மாறும். ரௌட்டர் அணையும். 2023இல் ஸ்கேனரோடு வாங்கிய மற்றக் கணினியும் அணையும். அவை யூபிஎஸ்ஸில் இல்லை. ஸ்கேன் செய்த அடையாள அட்டைகள் எல்லாம் அந்த மற்றக் கணினியில் இருந்தன. அதன் கோப்புறை எங்கள் லினக்ஸ் கணினியில் ஒரு தட்டுப் போல இணைக்கப்பட்டிருந்தது.

ரௌட்டரையும் மற்றக் கணினியையும் சுவரிலிருந்து கழற்றினேன். யூபிஎஸ்ஸைத் தொடவில்லை. பிறகு நிறுத்தச் சொன்னேன். திரையில் ஒரு வரி வந்தது. ஒரு வேலை முடியக் காத்திருக்கிறேன், எல்லை 1 நிமிடம் 30 விநாடி என்று. சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓடின. ஒன்றரை நிமிடம் முடிந்ததும் எல்லை 3 நிமிடமாக நீண்டது. இல்லாத கணினியிடம் விடை பெறக் காத்துக்கொண்டிருந்தது எங்கள் கணினி. இணைத்த கோப்புறையைக் கழற்றுமுன் அடுத்த பக்கத்திடம் சொல்ல வேண்டும். அடுத்த பக்கம் இருட்டில் கிடக்கிறது. அதற்குள் இரண்டு நிமிடம்கூடத் தாங்காத பற்றரி முடிந்துவிடும். பற்றரி பத்து நிமிடம் தாங்கிய காலத்தில் இந்தத் தாமதம் யாருக்கும் தெரிந்திருக்காது. முதல் கோளாறு பற்றரியைத் தின்றதால்தான் இரண்டாவது கோளாறு தட்டில் கை வைத்தது.

அந்தக் கோப்புறையை எப்போதும் இணைத்து வைக்காமல், தேவைப்படும்போது மட்டும் இணைத்து ஒரு நிமிடம் பாவிக்காவிட்டால் தானே கழன்றுவிடும்படி அமைத்தேன். பாதி வெற்றி. ஸ்கேன் படம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கும்போது கழற்றினால் மறுபடி நட்சத்திரங்கள். நேரத்தை எப்படிக் குறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாப்பா விஷயத்தைக் கேட்டார். லினக்ஸ் என்று ஒரு வார்த்தையும் இல்லாமல் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூரை ஒழுகாத வீட்ல சாமான வைக்கிறதுதானே மகள்? மத்தவன் வந்து எடுத்துக்கட்டும்" என்றார்.

அதுதான் சரி. படங்களையும் யூபிஎஸ் உள்ள கணினிக்கு மாற்றினோம். இப்போது மற்றக் கணினிதான் இங்கே வந்து கேட்கிறது. கேட்பவர் திடீரென்று காணாமல் போனால் கொடுப்பவர் காத்திருக்கத் தேவையில்லை. நான் புத்தகத்திலும் இணையத்திலும் தேடிய வழிகள் எல்லாவற்றையும்விட இது எளிது.

அப்படியும் எங்காவது சிக்கினால் என்ன செய்வது என்று தம்பிக்கு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மொனிட்டரில் ஒட்டியிருக்கிறேன். ஓல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஸ், யு, ஓ என்ற எழுத்துகளை நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும். முதலாவது குறிப்புகளைத் தட்டில் எழுதும், இரண்டாவது தட்டை இனி எழுத முடியாதபடி பூட்டும், மூன்றாவது அணைக்கும். லினக்ஸின் கருவே நேரடியாகக் கேட்கும் கட்டளைகள் இவை. வேறு வழி இல்லாதபோது மட்டும் பாவிக்க வேண்டும் என்று அடியில் சிவப்பில் எழுதியிருக்கிறேன். தம்பி அதைச் சும்மா அழுத்திப் பார்க்கத் துடிக்கிறான்.

யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்டதுதான் முழுச் செலவு. நான் கண்டிக்கு வகுப்புக்குப் போகிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார். வகுப்பில் சிரித்துத் தீர்த்தோம். ஆனால் எனக்கு அதில் வேறொன்று பிடிபட்டது. அன்று நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் திடீரென்று நின்றன. நிலக்கரி நிலையத்தை முறை இல்லாமல் நிறுத்தினால் திரும்ப எழுப்ப நாட்கள் ஆகும். அதனால்தான் 10ஆம் 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. நீர்மின் நிலையம் அப்படி அல்ல. கதவைத் திறந்து நீரை விட்டால் வெளி மின்சாரத்தின் உதவி இல்லாமலே சுழலத் தொடங்கலாம்.

அன்று கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வாப்பா ஓர் அம்மாவுக்குச் சத்தியக் கடதாசி டைப் பண்ணிக்கொண்டிருந்தார். யூபிஎஸ் கீச்சிட்டது. வாப்பா சேமித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அழுத்தினார். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பதில் திரை போய், விசிறியும் நின்றது.

"புள்ள, எம்பேரு போயிருச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்ல அம்மா, இருக்கு" என்றேன். பின்னேரம் கரண்ட் வந்ததும் அச்செடுத்தோம். அடையாள அட்டையில் உள்ளபடியே மூன்று இடத்திலும் பெயரை ஒத்துப் பார்த்து வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

கணினியில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. தூங்க வைத்துவிட்டு எழுப்பினால் ஒலி வருவதில்லை. பரீட்சை முடியட்டும், இன்ஷா அல்லாஹ் அதையும் பார்ப்பேன்.